தேடுபெட்டியின் கதை – 17: எண்ணுக்குள் இருந்த மனுஷி

சென்ற வாரம் ஜீவ்ஸுக்கு விடைகொடுத்தோம். முழு வாக்கியமாகக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் தேடித் தந்த அந்த வேலைக்காரச் சித்திரத்தை, 2006 பிப்ரவரியில் ஆஸ்க் நிறுவனம் தன் முகப்பிலிருந்து எடுத்துவிட்டது. இரண்டு சொல் போட்டால் போதும் என்று கூகுள் உலகத்தைப் பழக்கிவிட்டிருந்த காலம். பெட்டியிடம் மனம்விட்டுப் பேசும் பழக்கமும் ஜீவ்ஸோடு போய்விடும் என்றுதான் தோன்றியது.

போகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஆறரை லட்சம் பேர் அந்தப் பெட்டியிடம் மூன்று மாதமாக என்னென்ன பேசினார்கள் என்பது தெருவுக்கு வந்தது.

அந்த ஆகஸ்ட்டுக்குப் போகுமுன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

★

யாரும் பார்க்காத நேரம்

இன்று நாற்பதைத் தாண்டியவர்கள் பழைய இணையத்தை நினைத்து உருகும்போது மோடத்தின் கீச்சொலியைச் சொல்வார்கள். அம்மா போனை எடுத்ததும் அறுந்துபோன இணைப்பைச் சொல்வார்கள். படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பட்டையாக இறங்கி வந்ததைச் சொல்வார்கள். முதன்முதலில் என்ன தேடினீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும்.

அந்த ஏக்கத்தில் பாதி, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பின் மேல் உள்ள ஏக்கம் என்பது என் எண்ணம். வீட்டில் கேட்க முடியாததை, டாக்டரிடம் கேட்கக் கூசியதை, நண்பனிடம் கேட்டால் வருஷக்கணக்கில் கேலிசெய்வான் என்று விட்டுவைத்ததை எல்லாம் ஒரு வெள்ளைப் பெட்டியில் தட்டிவிட முடிந்தது. பெட்டி சிரிக்கவில்லை. யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை.

அப்படித்தான் நினைத்தோம். பெட்டியோ எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டுதான் இருந்தது.

1998 ஆகஸ்ட் 2 முதல் செப்டம்பர் 13 வரை, ஆறு வாரம், ஆல்டாவிஸ்டா என்ற தேடுதளத்துக்கு வந்த தேடல்களை அதன் ஆராய்ச்சியாளர்கள் அலசினார்கள். ஏறத்தாழ 100 கோடி கோரிக்கைகள். ஒரு தேடலுக்குச் சராசரியாக 2.35 சொற்கள். 100க்கு 77 பேர் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 100க்கு 85 தேடல்களில் முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் போகவில்லை. மிக அதிகம் கேட்கப்பட்ட சொல் எது என்பதை வாசகர் ஊகித்திருப்பார். ஆம், 'செக்ஸ்' என்பதுதான். எம்பி3, சாட் எல்லாம் அதற்கு எவ்வளவோ பின்னால்.

ஆனால் கூச்சம் அந்த ஒரு சொல்லோடு முடிகிற சமாசாரம் இல்லை. தன் பெயரைத் தானே தட்டிப் பார்ப்பதும், பத்து வருடத்துக்கு முன் பிரிந்துபோன ஒருத்தியின் பெயரைத் தட்டிப் பார்ப்பதும், அக்குளில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றித் தட்டுவதும் அதே ரகம். பின்னால் வரப்போகிற விபரீதத்தில் ஆபாசத் தேடல்களைவிட இவைதான் ஆளைக் காட்டிக்கொடுத்தன.

நம்மூர்க் கூச்சத்துக்கு வேறு நிறம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டாலும், நம்மில் பலர் முதல் தேடலைச் செய்தது அதற்குச் சில வருடம் கழித்து, ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில்தான். பிளைவுட் தடுப்பு, அரைக்கதவு, மணிக்கணக்கில் காசு. தமிழில் தேட வழியில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ஃபாண்ட் இருந்த காலம் அது. ஆகவே ரகசியங்களையும் ஆங்கிலத்தில், எழுத்துப்பிழையோடுதான் கேட்டாக வேண்டும். நம் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்க அமெரிக்க நிறுவனம் எதுவும் தேவைப்படவில்லை. முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த நாற்காலியில் முன்பு உட்கார்ந்தவர் போய்வந்த இடமெல்லாம் வரிசையாகக் கீழே விழும். அடுத்தவர் ரகசியத்தைப் பார்த்துச் சிரித்த பிறகுதான், நம்முடையதும் அதே பட்டியலில் ஏறப்போகிறது என்று உறைக்கும். ஹிஸ்டரியை அழிக்கக் கற்றுக்கொண்டவன் அந்த நாளில் ஒரு பெரிய மேதை.

அமெரிக்காவில் இதையே ஒரு வேடிக்கையாகக் காட்டினார்கள். 1990களின் பிற்பகுதியில் மெகல்லன் என்ற தேடுதளம் 'வாயர்' என்றொரு பக்கம் வைத்திருந்தது. எட்டிப்பார்ப்பவன் என்பதையே பெயராகச் சூட்டிவிட்டார்கள். யாரோ, எங்கோ, அந்த நேரத்தில் தேடும் சொற்கள் அதில் மாறிமாறி வந்துகொண்டே இருக்கும். மெட்டாகிராலர் தளத்தின் 'மெட்டாஸ்பை' இரண்டு வடிவத்தில் கிடைத்தது: ஒன்று வடிகட்டியது, மற்றொன்று வடிகட்டாதது. கூகுள் அலுவலக வரவேற்பறைத் திரையில் உலகத்தின் தேடல்கள் ஓடிக்கொண்டிருப்பதை, வந்துபோன பத்திரிகையாளர்கள் பலர் வியந்து எழுதினார்கள்.

யாரும் கோபப்படவில்லை. காரணம் எளிது. அங்கே ஓடியவை உதிரிப்பூக்கள். எந்தப் பூ எந்தச் செடியுடையது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நூலை எடுத்து ஒரே ஆளின் பூக்களை ஒன்றாகக் கோத்தால் என்ன ஆகும் என்று யோசித்தவர்கள் அப்போது மிகச் சிலரே.

★

கோர்ட்டில் ஒரு வெற்றி

கதையின் விசித்திரமான திருப்பம் 2006 ஜனவரியில் தொடங்குகிறது. இணைய ஆபாசத்திலிருந்து சிறுவர்களைக் காக்கும் சட்டம் ஒன்றை நிலைநிறுத்த, அமெரிக்க நீதித்துறைக்குச் சான்றுகள் தேவைப்பட்டன. கூகுள், யாஹூ, எம்.எஸ்.என்., ஏ.ஓ.எல். ஆகிய நான்கிடமும் முந்தைய ஆண்டே தேடல் பதிவுகளைக் கேட்டிருந்தது. மூன்று நிறுவனங்கள் ஏதோ ஒரு அளவுக்குக் கொடுத்துவிட்டன. கூகுள் மறுத்தது. அரசு கோர்ட்டுக்குப் போனது.

மார்ச் 17 அன்று நீதிபதி ஜேம்ஸ் வேர் தீர்ப்புச் சொன்னார். 50,000 வலைமுகவரிகளைக் கொடுத்தால் போதும். மக்கள் தட்டிய தேடல்களில் ஒன்றைக்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. பத்திரிகைகள் இதை அந்தரங்கத்தின் வெற்றி என்று கொண்டாடின.

இங்கே ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வெளியே வந்த கோப்பில் இருந்தவை 2006 மார்ச் 1 முதல் மே 31 வரையிலான தேடல்கள். அதாவது, தேடல்களை அரசுக்குத் தரக்கூடாது என்று நீதிபதி சொல்லிக்கொண்டிருந்த அதே நாளில், பின்னால் உலகத்துக்கே போகவிருந்த பதிவேடு ஏ.ஓ.எல்.லில் நிறைந்துகொண்டிருந்தது. ஏ.ஓ.எல்.லின் தேடுபெட்டிக்குப் பின்னால் பதில் தந்துகொண்டிருந்ததும் கூகுள்தான். முன்வாசலில் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

ஏ.ஓ.எல். பற்றி இரண்டு வரி. அமெரிக்காவில் ஒரு தலைமுறை இணையத்துக்குள் நுழைந்தது அதன் வழியாகத்தான். வீடுவீடாகத் தபாலில் வந்த குறுந்தகடு, உங்களுக்கு மெயில் வந்திருக்கிறது என்று சொல்லும் குரல், இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள். 2006இல் அந்தச் செல்வாக்கு கரைந்துகொண்டிருந்தது. மீதமிருந்தவர்களில் பலர் வயதானவர்கள், கம்ப்யூட்டரைப் பெரிதாகப் பழகாதவர்கள், வேறு நிறுவனத்துக்கு மாறச் சோம்பல்பட்டவர்கள். பெட்டியிடம் வெகுளியாகப் பேசும் பழைய பழக்கம் மிச்சமிருந்த இடம் அது.

★

பத்துக் கோப்புகள்

இதைச் செய்தவர்கள் வில்லன்கள் அல்லர். கதையின் இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் நிதானிக்க விரும்புவது அதனால்தான்.

ஏ.ஓ.எல்.லின் தேடல் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவர் அப்துர் சவுத்ரி. தேடுபொறி ஆராய்ச்சியில் ஒரு பெரிய மனக்குறை அப்போது இருந்தது. மக்கள் நிஜமாக எப்படித் தேடுகிறார்கள் என்ற விவரம் மூன்று நான்கு பெரிய நிறுவனங்களிடம் மட்டுமே குவிந்து கிடந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் பழைய, சிறிய தொகுப்புகளை வைத்துக்கொண்டு மாரடித்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கொடுத்தால் என்ன?

நல்ல எண்ணம். 2006 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. ஏ.ஓ.எல். ஆராய்ச்சித் தளத்தில் பத்துக் கோப்புகள் ஏற்றப்பட்டன. சுருக்கிய நிலையில் 439 மெகாபைட். ஏ.ஓ.எல்.லின் பழைய டயல்-அப் வாடிக்கையாளர் ஒருவர் தன்னுடைய ரகசியத்தைத் தானே இறக்கிப் பார்க்க நினைத்திருந்தால், முக்கால் நாள் போனைத் தொடாமல் காத்திருந்திருக்க வேண்டும்.

பிரித்தால் 3 கோடியே 63 லட்சத்துக்கும் அதிகமான வரிகள். 6,57,426 பயனர்கள்.

ஒரு வரியை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். முதலில் ஓர் எண். பயனரின் பெயருக்குப் பதில் வைத்த எண். அடுத்து அவர் தட்டிய சொற்கள், எல்லாம் சிறிய எழுத்தில். கேள்விக்குறி முதலான பெரும்பாலான குறிகள் உதிர்க்கப்பட்டிருக்கும். அடுத்து தேதி, மணி, நிமிடம், நொடி. எதையாவது சொடுக்கியிருந்தால், அது எத்தனையாவது முடிவு, எந்தத் தளம் என்பது. அவ்வளவுதான். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருவர் வயிற்றுவலியைப் பற்றித் தேடிவிட்டு, மூன்று நிமிடம் கழித்து அதே நோயின் இன்னும் பயங்கரமான பெயரைத் தேடினால், அந்த மூன்று நிமிடமும் அதில் பதிவாகியிருக்கும்.

கோப்போடு ஒரு விளக்கக் குறிப்பும் இருந்தது. அதில் பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை: இந்தத் தேடல்கள் வடிகட்டப்படவில்லை, ஆபாசம் இருக்கும், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்ற பொருளில். திறக்கிற ஆராய்ச்சியாளர் முகம் சுளிப்பாரே என்ற கவலை அவர்களுக்கு இருந்திருக்கிறது. உள்ளே இருப்பவர் யார் என்று தெரிந்துவிடுமே என்ற கவலை எழவில்லை. பெயரைத்தான் எடுத்தாகிவிட்டதே!

பெயரை எடுத்தால் ஆள் மறைந்துவிடுவதில்லை என்பது அப்போதே தெரிந்த விஷயம். லடான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சியாளர் 1990களிலேயே, பெயர் நீக்கப்பட்ட மருத்துவமனைப் பதிவுகளையும் காசுக்குக் கிடைத்த வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாசசூசெட்ஸ் ஆளுநருடைய மருத்துவப் பதிவைத் தனியே உருவிக் காட்டியிருந்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, இந்த மூன்றுமே பெரும்பாலான அமெரிக்கர்களை அடையாளம் காட்டப் போதும் என்றும் எழுதியிருந்தார். தரவுகளைக் கையாளும் துறையில் அது ஊரறிந்த கதை. தேடல் ஆராய்ச்சியாளர்கள் காதில் மட்டும் அது ஏறவில்லை.

சொல்லப்போனால் தேடல் பதிவில் நிலைமை இன்னும் மோசம். பெயரை நிறுவனம் நீக்கினாலும், வாடிக்கையாளரே அதைத் தட்டிவைத்திருப்பார். தன் பெயரைத் தானே தேடும் அந்தச் சின்ன அசட்டுத்தனம் நினைவிருக்கிறதா? கூடவே தன் ஊர்த் தோட்டக்காரர், தன் தெருவில் விற்ற வீட்டின் விலை, தன் குடும்பப் பெயர் கொண்ட உறவினர்கள். எண் ஒன்றே. பூக்கள் கோக்கப்பட்டே வந்துவிட்டன.

★

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்

வெள்ளியும் சனியும் சத்தமில்லை. ஞாயிறன்று பற்றிக்கொண்டது. கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் அதிர்ந்து போய் எழுத, செய்தி பரவியது. திங்கள், ஆகஸ்ட் 7க்குள் ஏ.ஓ.எல். கோப்புகளை நீக்கிவிட்டது. பெரிய தவறு நடந்துவிட்டது, எங்களுக்கே கோபமும் வருத்தமும் என்று அதன் செய்தித் தொடர்பாளர் வெளிப்படையாகச் சொன்னார்.

அதற்குள் பிரதிகள் பல இடங்களில் ஏறிவிட்டன. யார் வேண்டுமானாலும் ஓர் எண்ணைப் போட்டு, அதன் கீழ் உள்ள மூன்று மாத வாழ்க்கையைப் படிக்கலாம் என்று தனியாகத் தளங்களே முளைத்தன.

மக்கள் படித்தார்கள். ஓர் எண்ணின் கீழ் மனைவியைக் கொல்வதைப் பற்றிய தேடல்கள் தொடர்ச்சியாக இருந்தன. கொலைகாரனா, துப்பறியும் கதை எழுதுகிறவனா? கோப்பு சொல்லவில்லை. இன்னோர் எண்ணின் கீழ் ஒரு பெண், இரண்டு சொல் நாகரிகமெல்லாம் தெரியாமல், முழு முழு வாக்கியமாகப் பெட்டியிடம் பேசியிருந்தார். கணவர், இணையத்தில் பழகிய ஒருவர், குற்றவுணர்வு, உடம்பு, கடவுள் என்று நாள்தோறும். அந்த வரிகளைச் சேர்த்துக் கோத்து, பின்னாளில் நெதர்லாந்தின் இரு கலைஞர்கள் 'ஐ லவ் அலாஸ்கா' என்ற பெயரில் குறும்படத் தொடராகவே எடுத்துவிட்டார்கள். ஜீவ்ஸ் போய்விட்டார், அவரிடம் பேசியவர்கள் போகவில்லை.

★

கதவைத் தட்டியவர்

ஆகஸ்ட் 9, புதன்கிழமை. நியூயார்க் டைம்ஸ் இதழில் மைக்கேல் பார்பரோ, டாம் ஸெல்லர் இருவரும் ஒரு செய்தி எழுதினார்கள். அவர்கள் கோப்பிலிருந்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் கீழ் மூன்று மாதத்தில் நூற்றுக்கணக்கான தேடல்கள். மரத்துப்போகும் விரல்கள். அறுபது வயதில் தனியாக இருக்கும் ஆண்கள். எதைப் பார்த்தாலும் சிறுநீர் கழித்துவைக்கும் நாய். ஊர்ப் பெயரோடு தோட்ட வேலை செய்பவர்கள். ஒரே குடும்பப் பெயர் கொண்ட பலர்.

ஊர் தெரிந்தது. குடும்பப் பெயர் தெரிந்தது. நாய் இருக்கிறது. மிச்சத்துக்குத் தொலைபேசிப் புத்தகம் போதும்.

ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு வீடு. அறுபதைத் தாண்டிய பெண்மணி, கணவரை இழந்தவர். மூன்று நாய்கள். செய்தியாளர் அவருடைய தேடல்களை அவருக்கே படித்துக் காட்டினார். ஆமாம், என்னுடையவைதான் என்று ஒப்புக்கொண்டார் அவர். தன் தோள்வழியே யாரோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதே தெரியாது, இது என் வாழ்க்கை முழுதும் அல்லவா என்று திகைத்துப் போனார்.

பெயரைச் சொல்லவும் பேசவும் அவர் சம்மதித்தார் என்பதால் இதழ் பெயரை அச்சிட்டது. படமும் வந்தது. இந்தத் தொடரில் அந்தப் பெயரும் வேண்டாம், அந்த எண்ணும் வேண்டாம். இரண்டில் ஒன்று கிடைத்தாலும் மற்றது நொடியில் கிடைத்துவிடும். போதுமான பேர் அந்த வீட்டை எட்டிப் பார்த்தாகிவிட்டது.

இதுவரை நடந்தது ஒரு துப்பறியும் வேலை. இதற்கு மேல் நடந்ததைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்த எண்ணின் கீழ் நோய்கள் ஏராளமாக இருந்தன. நடுங்கும் கைகள். உலர்ந்துபோகும் வாய். நிகோடின் உடம்பை என்ன செய்யும். மனச்சமநிலை தொடர்பான நோய்கள். வரிசையாகப் படித்தால், உடம்பாலும் மனத்தாலும் நொந்துபோன ஒரு கிழவியின் சித்திரம் கண்முன் வரும். ஒரு இன்சூரன்ஸ்காரர் கையில் கிடைத்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த நோய்களில் பல அவருடையவை அல்ல. தோழிகளுக்கு வந்தவை. அவர்களில் ஒருத்தி சிகரெட்டை விட்டாக வேண்டும். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லையோ தைரியமில்லையோ, இவர் உட்கார்ந்து தேடி, படித்து, கவலைப்படாதே என்று சொல்லிவந்திருக்கிறார். கோப்பு ஆளைச் சரியாகக் காட்டிக்கொடுத்தது. ஆளைப் பற்றித் தப்பாகவும் சொன்னது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. தெருமுனையில் ஒரு பெண் தோழிக்காக மருந்துக்கடையில் நின்றால், நாம் யாருக்காக என்று விசாரிப்போம். ஐந்து பத்தி கொண்ட கோப்பில் அந்த விசாரிப்புக்குப் பத்தி கிடையாது.

ஏ.ஓ.எல். சந்தாவை விட்டுவிடப் போவதாக அவர் சொன்னார்.

★

பெரிய பதிவேடு

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆகஸ்ட் 14 அன்று எலெக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஆகஸ்ட் 21 அன்று ஏ.ஓ.எல்.லின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி மொரீன் கவர்ன் விலகினார். கோப்பை வெளியிட்ட ஆராய்ச்சியாளரும் அவருடைய மேலதிகாரியும் வேலை இழந்தார்கள். செப்டம்பரில் வழக்கு. அப்துர் சவுத்ரி பின்னால் ட்விட்டரின் தலைமை விஞ்ஞானி ஆனார். மாணவர்களுக்குத் தேடல் பதிவுகளைக் கொடுக்க இனி எந்தப் பெரிய நிறுவனமும் துணியாது என்ற நிலை வந்தது. எதை உடைக்க அந்தக் குழு முயன்றதோ, அந்தக் குவிப்பு முன்னைவிட இறுகியது.

செய்தி வந்த அதே ஆகஸ்ட் 9 அன்று, சான் ஹோசேயில் தேடுபொறிக்காரர்களின் மாநாடு ஒன்றில் கூகுளின் தலைமை நிர்வாகி எரிக் ஷ்மிட் மேடையில் இருந்தார். கேள்வி வராமல் இருக்குமா? ஏ.ஓ.எல்.லில் நடந்தது மிக மோசமானது என்றார். தங்கள் நிறுவனத்தில் அப்படி நடக்காதபடி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பதிவுகளை வைத்திருப்பதை நிறுத்தப்போவதாகச் சொல்லவில்லை.

ஏ.ஓ.எல். கோப்பில் இருந்தது மூன்று மாதம், ஆறரை லட்சம் பேர். கூகுளிடம் இருந்ததோ வருடக்கணக்கான தேடல்கள், உலகம் முழுவதும். அழிப்பதற்குக் கெடு எதுவும் அன்று அதற்கு இல்லை. நம்மூர்ப் பிரவுசிங் சென்டர் தடுப்புக்குள்ளிருந்து தட்டியவையும் அதில் அடக்கம்.

கசிந்தால் ஆபத்து என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அரசு கேட்கும் என்பதும் தெரிந்துவிட்டது. அப்படியிருந்தும் அழிக்க மனம் வரவில்லை என்றால், பழைய கேள்விகளுக்குள் அந்த நிறுவனம் எதைக் கண்டிருந்தது?

(அடுத்த வாரம்)